கழுத்து விழும் இடம்

கணவாய்க்குள் ஆடிக்காற்று புகுந்துவிட்டால்
ஆரல்வாய்மொழியில் இரும்புக் கதவை
ஒற்றை ஆளாய்ச் சாத்த முடியாது.
றெஜினா தோள் கொடுப்பாள்,
நான் தாழ்ப்பாள் தள்ளுவேன்.
அதற்குப் பிறகுதான் எங்கள் ராத்திரி ஷிப்டு.

மூட்டையில் வருவது வெள்ளை மணி.
கல்லுப்பு என்று ஏமாறலாம், நாக்கில் வைத்தால் சுவை கிடையாது
(வைத்துப் பார்த்திருக்கிறேன், மாகீன் சார் ஏசினார்).
ஆசிட்டுக்கு மசியாது, வெயிலுக்கு வெளிறாது.
ஒரு கார்பனில் இரண்டு ஃபுளோரின்
அடுத்ததில் இரண்டு ஹைட்ரஜன்
அப்படியே ஆயிரக்கணக்கில் போகும் சங்கிலி.

உருக்கி, தானாக ஆறவிட்டால்
அது தன் சௌகரியத்துக்கு முறுக்கிக்கொள்ளும்.
இந்தச் சங்கிலி இழுப்பதை
பக்கத்துச் சங்கிலி எதிர்த்திசையில் இழுத்து
கணக்கைப் பூச்சியமாக்கிவிடும்.
போர்டில் அதற்கு ஆல்ஃபா என்று பெயர்.
நான் வைத்த பெயர் மத்தியானத் தூக்கம்.

எழுப்ப வேண்டுமென்றால் இழுக்கவேண்டும்.
முதல் உருளை மெதுவாக,
இரண்டாவது ஐந்து மடங்கு வேகமாக.
இடையில் ஒரு இடத்தில்
அகலமாய் வந்த படலம் சட்டென ஒடுங்கும்.
கழுத்து என்போம்.
கழுத்துக்கு அந்தப் பக்கம் சங்கிலிகள் நிமிர்ந்துவிடும்,
ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் ஒரு பக்கம்
பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதுபோல
ஃபுளோரின் எல்லாம் ஒரு புறம்
ஹைட்ரஜன் எல்லாம் மறு புறம்.
இதுதான் பீட்டா. இதற்குத்தான் சம்பளம்.

வைகாசியில் மூன்று ரோல் திரும்பி வந்தது.
காற்றாலைக் கம்பெனிக்காரர்கள்
இறக்கையின் அடியில் ஒட்டி
விரிசலுக்கு முன்னால் வரும் நோவைக் கேட்க வாங்கியது.
"பாலு கலந்த மாதிரி இருக்கு, கண்ணாடியாட்டம் வேணுமாக்கும் அவியளுக்கு"
என்றார் முதலாளி றாபின்சன்.
எண்பது டிகிரியை நூற்றிருபதாக்கினோம்.

என்ன அழகாக வந்தது தெரியுமா.
பின்னால் பேப்பரை வைத்து
மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்தாள் றெஜினா.
சூடான எண்ணெயில் முக்கி
ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் காட்டி
கம்பி இணைத்து, மாகீன் சார் விரலால் தட்டினார்.
முள் அசையவில்லை.
நான் நகத்தால் தட்டினேன்.
றெஜினா குத்தியே பார்த்தாள்.
சும்மா கிடந்தது, அத்தனை தெளிவாக.

நாகர்கோவில் கல்லூரியில்
அகச்சிவப்புக் கருவிக்குக் கொண்டுபோனார்கள்.
எண்ணூற்று நாற்பதில் குன்று நிற்கவேண்டும்.
தோவாளை மலை தாண்டினால் விரியுமே பொட்டல்
அதுபோல இருந்தது தாள்.

அன்று ராத்திரி யாரும் சொல்லவில்லை.
நானாக எண்பதுக்கு இறக்கினேன்.
கழுத்து பழைய இடத்திலேயே விழுந்தது.
பாலும் வந்தது.
அந்த வெளுப்பு அழுக்கில்லை,
இழுத்த இழுப்பில் உள்ளே பிரிந்த
கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்.
நிமிர்ந்ததற்கு அது கொடுத்த விலையா,
எங்கள் மெஷினின் கோளாறா,
மாகீன் சாருக்கே முழுசாகத் தெரியவில்லை.
மெதுவாக இழுத்தால் கொஞ்சம் குறையலாம் என்கிறார்.
குறையாமலும் போகலாம்.

காலையில் றாபின்சன் ஒரு நீளத் துண்டை
லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
பிறகு போனை எடுத்தார்.
"சார், பாக்கதுக்கு வேணுமா, கேக்கதுக்கு வேணுமா?"
எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ,
எங்களைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஆர்டர் இன்னும் வரவில்லை.
எண்ணெயில் முக்கியெடுத்த சாண் அளவு துண்டை
றெஜினா இரும்புக் கதவில் டேப்பு போட்டு ஒட்டியிருக்கிறாள்,
ஒயரை மீட்டருக்கு இழுத்து.
காற்று மோதும்போதெல்லாம் முள் துள்ளுகிறது.
நாலுவழிச் சாலையில் லாரி போனாலும் துள்ளுகிறது.
எது எதென்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

பத்து மணி ஆகிவிட்டது.
"வா பிள்ளே" என்றாள்.
தோள் கொடுத்தாள், நான் தாழ்ப்பாள் தள்ளினேன்.
முள் ஒரேயடியாகக் கடைசி வரைக்கும் போய்
இடித்துக்கொண்டு திரும்பியது.